டிரைவர் பக்கத்துக் கதவு

1

எங்கள் வீட்டுக் கதவில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கல்யாணப் பத்திரிகையையே கைப்பேசிக்கு அனுப்பிவிடுகிற தேசத்தில், ஓர் ஆள் நடந்து வந்து தாள் ஒட்டுகிறார் என்றால் அது நல்ல செய்தியாக இருக்க வழியில்லை.

நகராட்சிக் கடிதம். உங்கள் வீட்டின் முன்புறம் ஓடாத வாகனம் ஒன்று நிற்பதாகப் புகார் வந்திருக்கிறது. முப்பது நாள்களுக்குள் அது தகுதிச் சான்று பெற்று, நம்பர் பிளேட் மாட்டி, ஓடுகிற வண்டியாக வேண்டும். இல்லையென்றால் நாங்களே இழுத்துச் சென்று பழைய இரும்புக்குப் போட்டுவிடுவோம். இவ்வளவையும் அன்புள்ள குடியிருப்பாளருக்கு என்று தொடங்கி, ஒத்துழைப்புக்கு நன்றி என்று முடித்திருந்தார்கள். அடிக்கப்போவதை இத்தனை மரியாதையாகச் சொல்ல இந்த ஊர்க்காரர்களால்தான் முடியும்.

நான் கனடா வந்து இருபத்திரண்டு வருடம் நிறைந்த வாரம் அது. என் மனைவி சுமதி கேக் வாங்கி வைத்திருந்தாள். கேக்குக்குப் பக்கத்தில் மஞ்சள் தாளை விரித்து, மகளோடு சேர்த்து மூன்று பேரும் படித்தோம்.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள் சுமதி. எங்கள் வீட்டில் எந்த விஷயத்தையும் அவள் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

புகார் கொடுத்தது எந்த வீடு என்று தெரியவில்லை. அன்று காலைகூட எதிர்வீட்டுக்காரர் சிரித்துக் கையசைத்தார். பக்கத்து வீட்டம்மா எங்கள் ரோஜாவைப் புகழ்ந்தார். எல்லாரும் நல்லவர்கள். அவர்களில் ஒருவர் எழுதிப்போட்டிருக்கிறார்.

குற்றம் சாட்டப்பட்டது ஒரு பழைய பிக்கப். என்னைவிட இரண்டு வயது மூத்தது. முன்னால் மூன்று பேர் தோளோடு தோள் இடித்து உட்காரும் ஒரே நீள இருக்கை, பின்னால் திறந்த தொட்டி. அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைச் சாத்திவிட்டது. வாங்கியவள் என் மகள் கயல். பதினெட்டு வயது. இரண்டு கோடை விடுமுறைகள் டோனட் கடையில் நின்று சேர்த்ததில், ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழிகள் குடியிருந்த இந்த வண்டியை, கோழிகளிடமிருந்து மீட்டு வந்தாள். பள்ளியில் வெல்டிங் கற்றிருந்தாள். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குக் கொடுத்தாள். செப்டம்பரில் ஐந்து மணி நேரத் தொலைவில் உள்ள கல்லூரிக்கு இந்த வண்டியை ஓட்டிக்கொண்டுதான் போவேன் என்பது அவள் தீர்மானம்.

இதில் என் வேலை, பிடித்துக்கொள்வது. விளக்கைப் பிடி என்றால் விளக்கு, தகட்டைப் பிடி என்றால் தகடு. எனக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டுக்குள் 'ம்', 'ஓகே', 'தெரியாது' என்ற மூன்று சொற்களில் குடும்பம் நடத்துகிற பெண், வண்டிக்கடியில் படுத்துக்கொண்டால் முழு வாக்கியங்கள் பேசுவாள். அந்த வாக்கியங்களுக்காக நான் எதையும் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

2

இங்கே குளிர்காலத்தில் பனி உருகுவதற்காகச் சாலையெல்லாம் உப்பு கொட்டுகிறார்கள். பனியைத் தின்றது போக மிச்சப் பசிக்கு உப்பு வண்டிகளைத் தின்கிறது. எங்கள் பிக்கப்பில் அது தின்றது, டிரைவர் பக்கத்துக் கதவுத் தூணை. கதவின் இரண்டு கீல்களும் மாட்டியிருக்கும் தகட்டுத் துண்டு அது. ஒரு முழத்துக்குச் சற்றுக் கூடுதல் நீளம். கீழ்ப்பாதி இல்லை. இருந்த இடத்தில் பிஸ்கட் தூள் மாதிரி ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. கதவைத் திறந்தால் கதவு நம் கையோடு வந்துவிடும்.

என்ஜின் ஓடியது. பிரேக் பிடித்தது. அந்த ஒரு துண்டு மட்டும் உலகத்தின் எந்தக் கடையிலும் இல்லை. உதிரிபாகக் கடைகளில் நானும் ஏறி இறங்கினேன். ஒரு கடையில், வந்ததற்கு ஸ்டெப்னி வீலாவது கேட்போம் என்று கேட்டேன். கவுண்டர் பையன் யோசித்துவிட்டு, "ஸ்டெப்னி என்பவர் இங்கே வேலை செய்யவில்லையே" என்றான். இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகும் என் ஆங்கிலம் திருச்சி ரோட்டில்தான் நிற்கிறது.

கடைசியில் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் அதே மாடல் வண்டி ஒன்று அகப்பட்டது. அதன் இடப்பக்கம் முழுக்க நசுங்கியிருந்தது; வலப்பக்கத் தூண் மட்டும் பழுதில்லாமல் இருந்தது. எங்களுக்கு வேண்டியது இடப்பக்கம். (இங்கே டிரைவர் உட்காருவது இடப்பக்கம் என்பதை ஊரில் இருக்கிற நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நானும் வைத்துக்கொண்டிருக்க வேண்டும். இந்தக் கதையே அதைப் பற்றியதுதான்.)

"பரவாயில்ல" என்றாள் கயல். "இதைக் கண்ணாடியில பாக்கிற மாதிரி திருப்பிச் செய்யோணும். அவ்வளவுதான். ஆனா வளைக்கிற மெஷின் எங்களிட்ட இல்ல."

அவள் தமிழைப் பற்றி ஒரு வரி. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், யாழ்ப்பாணத்து ஆசிரியையிடம், யாழ்ப்பாணத்துத் தோழிகளோடு வளர்ந்த தமிழ் அது. ஒரு புதுக்கோட்டைக்காரனின் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து என் மகள் ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்கிறாள், புரியவில்லை என்பதற்கு 'விளங்கேல்லை' என்கிறாள். தமிழாக வந்தால் சரி என்று விட்டுவிட்டோம்.

இங்குள்ள பட்டறையில் கேட்டதற்கு ஆறு வாரம் ஆகும் என்றார்கள். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

"எங்க ஊர்ல ரெண்டே நாள்ல செஞ்சு குடுத்துருவாங்க."

அடுத்த வாரம் நான் ஊருக்குப் போவதாக இருந்தது. குடுமியான்மலையில் தம்பி புது வீடு கட்டிப் பால் காய்ச்சுகிறான். போய் இரண்டு வாரத்தில் திரும்பினாலும் மஞ்சள் தாளில் எட்டு நாள் மிச்சமிருக்கும்.

"ஷுவரா அப்பா?"

"சேகர் இருக்கான்ல" என்றேன், உலகத்துக்கே சேகரைத் தெரியும் என்பது போல.

கயல் ஒரு வாரம் உட்கார்ந்து படம் வரைந்தாள். ஒவ்வொரு மடிப்பும் எத்தனை பாகை, ஒவ்வொரு துளையும் எங்கே, எல்லாம். சாம்பிள் துண்டையும் படத்தையும் என் பெட்டியில் அவளே வைத்து மூடினாள். இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் முழுசாக ஒப்படைத்த முதல் வேலை.

3

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

"இது என்ன சார்?"

"வண்டிக் கதவோட தூணு."

"வண்டி எங்க?"

"கனடால."

"வண்டி அங்க, தூணு இங்கயா?"

"இதப் பாத்து ஒண்ணு செஞ்சுக்கிட்டு, ரெண்டையும் திரும்பக் கொண்டு போயிருவேன் சார்."

அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். "சார், இங்கிட்டு வாங்க. எல்லாரும் தங்கம் கொண்டாருவாங்க, இவரு தகரம் கொண்டாந்திருக்காரு." இருவரும் சேர்ந்து பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தார்கள். உள்ளேயும் தகரம்தான். இன்னும் ஆழமாகச் சுரண்டினார்கள். தகரம் தகரமாகவே இருந்தது. கொஞ்சம் ஏமாற்றம் அவர்கள் முகத்தில்.

"ஏன் சார் இம்புட்டுக் கஷ்டம்?"

"எம்மகளோட வண்டி சார்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்று பெட்டியை அவரே மூடி, ஜிப்பையும் இழுத்துவிட்டார்.

4

ஊரில் இருந்த நாளெல்லாம் தம்பியின் காரை நான்தான் ஓட்டினேன். முதல் நாள் திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டேன். அன்னவாசல் கடைத்தெருவில் வெயில் கொளுத்த, வைப்பர் ஆட்டிக்கொண்டு போன கார் எங்களுடையதுதான். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். மூன்றாம் நாள் கை தானாகச் சரியாகிவிட்டது. இடப்பக்கம் ஒதுங்கி, வலப்பக்கம் உட்கார்ந்து, நார்த்தாமலைப் பாறைகளை ஒட்டி ஒரு கையால் ஓட்டினேன். பார்த்தாயா, உடம்பு மறக்கவில்லை என்று எனக்குப் பெருமை. கோளாறு அந்தப் பெருமையில்தான் ஆரம்பித்தது.

சேகரின் டிங்கரிங் பட்டறை கீரனூரில், மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சு. மினி பஸ், டிராக்டர், பால் வண்டி என்று நசுங்கியதெல்லாம் அவனிடம்தான் வரும்.

"வாடா கனடா. என்ன, கையில வெறகோட வார?"

துண்டைக் கொடுத்தேன். திருப்பிப் பார்த்தான், முகர்ந்தும் பார்த்தான். படத்தை விரித்தான். விரலால் ஒவ்வொரு கோடாகத் தொட்டுக்கொண்டே போனான். அவன் மனைவி மல்லிகா டீ கொண்டுவந்து வைத்தார். டீ ஆறியது.

"யாருடா போட்டது?"

"எம்மக."

"ஒம்மகளா? எத்தனாவது?"

"பன்னெண்டு முடிச்சிருக்கா."

"எஞ்சினியருங்க குடுக்குற படத்துல பாதிய அடிச்சுப்புட்டு நானாப் போட்டுக்குவேன் மாப்ள. இதுல அடிக்க ஒண்ணுமில்லடா." படத்தைச் சுவரில் ஒட்டினான். "இந்தச் சாம்பிளுக்கு எதிர்ப்பக்கம். அம்புட்டுதான? வெள்ளிக்கெழம வா."

5

வெள்ளிக்கிழமை போனேன். துண்டு செங்காவி பிரைமர் அடித்துத் தயாராகக் காய்ந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம்.

பொறுப்பான அப்பன் இல்லையா, சரிபார்க்காமல் வாங்கலாமா? ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். எதிரே காற்றில் ஸ்டீரிங்கைப் பிடித்தேன். வலக்கையை நீட்டிக் கதவைத் திறந்தேன். துண்டை அந்தக் கதவுக்குப் பொருத்திப் பார்த்தால், மடிப்பு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

"டேய், தப்பாயிருச்சேடா."

"என்னடா தப்பு?"

"டிரைவர் எங்கிட்டுடா ஒக்காருவான்? கதவு இங்கிட்டு வருது. நீ செஞ்சது அங்கிட்டுத் திரும்பி நிக்குது பாரு."

சேகரும் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டான். அவனும் இல்லாத ஸ்டீரிங்கைப் பிடித்து, வலக்கையால் இல்லாத கதவைத் திறந்தான். ஐம்பது வயது ஆட்கள் இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டூல் ஓட்டிக்கொண்டிருந்தோம். திருச்சி பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆமாடா" என்றான் சேகர், தயக்கமாக. "ஆனா படத்துல இப்புடித்தான்டா போட்டிருக்கு."

"படத்த விடுடா. சின்னப்புள்ள போட்டது, மாத்திப் போட்டிருக்கும்."

அவன் சுவரில் இருந்த படத்தை ஒரு தடவை பார்த்தான், என்னை ஒரு தடவை பார்த்தான். கனடாவிலேயே இருக்கிறவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான். மறுநாள் சாயங்காலத்துக்குள் புதிதாக ஒன்று செய்துவிட்டான். சாம்பிளும் அதுவும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எனக்கு, என்ன அச்சு அசலாகச் செய்திருக்கிறான் என்றுதான் தோன்றியது.

6

வீட்டுக்கு வந்து நான் ஷூவைக் கழற்றுவதற்குள் கயல் பெட்டியைத் திறந்துவிட்டாள். இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, இது எங்களிட்ட ஏற்கனவே இருக்கு."

வெளியே போய் வண்டியின் இடப்பக்கம் அதைப் பிடித்துப் பார்த்தாள். நானும் கூடப் போனேன். டிரைவர் கதவருகே நின்றேன். இருபத்திரண்டு வருடமாகத் தினமும் வேலைக்குப் போகும்போது என் காரில் இடக்கையால் சாத்துகிற அதே பக்கத்துக் கதவு. இப்போது உறைத்தது.

"சேகர் மாத்திச் செஞ்சுட்டான் போல" என்றேன்.

அந்தப் 'போல'வுக்குள் ஒளிந்துகொண்டேன்.

"படம் குடுத்தீங்கள்தானே?"

"குடுத்தேன்."

"அப்ப அவருக்குப் படம் வாசிக்கத் தெரியாது." துண்டைத் தொட்டிக்குள் வைத்தாள். "இட்ஸ் ஓகே அப்பா. உங்கட ஊரில அப்பிடித்தான் செய்வினம் போல."

இங்கே வளர்ந்த பிள்ளைகள் இட்ஸ் ஓகே என்றால், உங்களிடம் இனி இதைப் பற்றிப் பேசுவதற்கில்லை என்று அர்த்தம். சரியான துண்டு கீரனூரில் கிடக்கிறது என்பதை நான் அப்போதும் சொல்லவில்லை. எட்டு நாள் இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, அங்கே சாயங்காலம் நாலரை, சேகரை வீடியோவில் அழைத்தாள். நான் பின்னால் நின்றேன்.

"வணக்கம் மாமா. நான் கயல் கதைக்கிறன்."

"என்னடா மாப்ள, புள்ள சிலோன் தமிழ் பேசுது!" என்று சேகர் முகமெல்லாம் பல்லானான். அவள் இரண்டு துண்டுகளையும் தூக்கிக் காட்டி, இரண்டும் ஒரே பக்கம் என்று விளக்கினாள். சேகர் வாயைத் திறந்தான். அவள் தோளுக்கு மேலே தெரிந்த என் முகத்தைப் பார்த்தான். மூடினான்.

"ஆமாத்தா" என்றான். "நாந்தான் மாத்திச் செஞ்சுப்புட்டேன். கண்ணாடி போடாம வேல பாத்தேன். மன்னிச்சுக்க. வேற செஞ்சு அனுப்பட்டா?"

கூரியருக்குப் பன்னிரண்டு நாளாவது ஆகும் என்று மல்லிகா பின்னாலிருந்து சொன்னார்.

"வேண்டாம் மாமா. நான் பாக்கிறன்."

போனை வைத்தாள். சேகரை அன்றைக்கு மாதிரி நான் எப்போதும் நேசித்ததில்லை. அன்றைக்கு மாதிரி அவன் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டதும் இல்லை.

7

புதன்கிழமை காலை. கயல் அட்டையில் வெட்டி வெட்டிப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். நடுவில் இருப்பது தட்டைத் தகடு. தோசையைத் திருப்புகிற மாதிரி அதைக் கவிழ்த்துப் போட்டால் அது தானாகவே எதிர்ப்பக்கம் ஆகிவிடும். ஓரத்து மடிப்புகள்தான் தப்பான திசையில் நிற்கும். எனவே மடிப்புகளை அறுத்தெடுத்து, தகட்டைக் கவிழ்த்து, மடிப்புகளை இந்தப் பக்கம் வைத்துப் பற்றவைத்தால் போதும்.

நான் பிடித்துக்கொண்டேன். அவள் முகக்கவசத்தை இறக்கிக் கிரைண்டரை ஓட்டினாள். பாதி அறுத்ததும் நிறுத்தினாள்.

"இந்த மடிப்பு எவ்வளவு நேரா இருக்கு பாருங்கோ. துளை எல்லாம் நான் போட்ட இடத்தில அப்பிடியே இருக்கு. இப்பிடிச் செய்யிற ஆளுக்குப் படம் வாசிக்கத் தெரியாதா?"

மறுபடி கிரைண்டரை ஓட்டினாள். அந்தச் சத்தத்தில் சொல்லிவிட்டால் சொன்ன மாதிரியும் ஆயிற்று என்று நினைத்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். அவள் நிறுத்திவிட்டாள்.

"என்ன சொன்னீங்கள்?"

இரண்டாவது தடவை சொல்ல வேண்டி வந்தது. அமைதியில்.

"சேகர் மொதல்ல சரியாத்தான் செஞ்சான். நான்தான் தப்புன்னு சொல்லித் திருப்பிச் செய்ய வச்சேன். ரெண்டு வாரம் ஊர்ல கார் ஓட்டினதுல, டிரைவர் வலப்பக்கம்னே கை நெனச்சிருச்சு."

"என்ர படத்தில சரியா இருந்ததே?"

"இருந்துச்சு. அவன்கூடச் சொன்னான். நான்தான், படத்த விடு, சின்னப்புள்ள போட்டதுன்னு…"

கவசத்தைத் தூக்கினாள். நெற்றியில் வியர்வை, கன்னத்தில் கரி. என் வாழ்க்கையில் பல அதிகாரிகள் முன்னால் பல தாள்களோடு நின்றிருக்கிறேன். எதுவும் இப்படி இல்லை.

"அவர் முதல் செய்தது, என்ர படத்தைப் பாத்தா?"

"ஆமா."

"ஒண்டும் மாத்தாமலா?"

"எஞ்சினியருங்க படத்துலயே பாதிய அடிப்பானாம். ஒன் படத்துல அடிக்க ஒண்ணுமில்லன்னு சொன்னான். சுவத்துல ஒட்டி வச்சுத்தான் செஞ்சான்."

கயல் கையில் இருந்த மடிப்பைப் பார்த்தாள்.

"இதை ஏன் அப்பா முதலே சொல்லேல்ல?"

என் தவற்றைக் கேட்கவில்லை. சேகர் சொன்ன அந்த வாக்கியத்தைக் கேட்டாள். ஒரு வாரத்துக்கு மேலாக அதை நான் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். தூணைக் கொடுத்தேன், தூணோடு வந்ததைக் கொடுக்கவில்லை.

உடனே போனை எடுத்தாள்.

"மாமா, நீங்க பொய் சொன்னீங்கள்."

"அய்யய்யோ, ஒளறிட்டானா ஒங்கப்பன்?" என்றான் சேகர். "பெத்த புள்ளைக்கு முன்னாடி அவன எப்புடி ஆத்தா விட்டுக்குடுக்குறது?"

"முதல் செய்த துண்டு எங்க?"

"அதா… அது மறுநாளே ஒரு குட்டியானைக்குப் பேட்ச் போட்டாச்சுத்தா. சிமெண்டு மூட்ட ஏத்திக்கிட்டு இந்நேரம் விராலிமலையில நிக்கும்."

குட்டியானை என்றால் சின்ன லோடு வண்டி என்று நான் குறுக்கே விளக்குவதற்குள், கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்திருந்தாள். கனடாவில் இல்லவே இல்லாத ஒரு துண்டு விராலிமலையில் சிமெண்டு சுமக்கிறது. எத்தனை மாதமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

"கையில என்னத்தா அது?" சேகரின் குரல் மாறியது. "அறுத்துட்டியா? ஏம்மா, கண்ணுல ஒத்திக்கிற மாதிரி மடிச்சு அனுப்புனேன், அத இப்புடி…"

அவள் அட்டையைக் கவிழ்த்துக் காட்டினாள். மடிப்புகளை எடுத்து மறுபுறம் வைத்துக் காட்டினாள். அவன் போனுக்கு நெருங்கி வந்து பார்த்தான். பிறகு, "மல்லிகா, அந்த அட்டப்பொட்டிய எடுத்தா" என்று கேட்டது. இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "டேய் மாப்ள, நகருடா. மறைக்கிற."

நகர்ந்தேன்.

8

அதன் பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு அவர்கள் இருவரும் பேசினார்கள். என் வேலை பழையபடி பிடித்துக்கொள்வது, இப்போது போனை. ஒருவருக்கு ஒருவர் தமிழ் பாதி விளங்கவில்லை. கயல் "பிழை" என்பாள், சேகர் மழை என்று நினைத்துக்கொண்டு இங்கே வெயில் என்பான். ஆனால் தகட்டைத் தூக்கிக் காட்டியதும் இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.

தகுதிச் சோதனைக்கு வண்டியை ஓட்டிப்போக ஒரு நாள் அனுமதி வேண்டும். கவுண்டரில் இருந்த பெண்ணின் கம்ப்யூட்டர் பட்டியலில் எங்கள் வண்டிக் கம்பெனியின் பெயர் இல்லை. "இல்லாத கம்பெனியின் வண்டியை எப்படி ஓட்டுவீர்கள்?" என்றார். "மெதுவாக" என்றேன். கயல் என் காலை மிதித்தாள். 'மற்றவை' என்று ஒரு கட்டம் இருந்தது. இந்த நாட்டில் எங்களுக்கு எப்போதும் ஒரு 'மற்றவை' இருக்கிறது.

இருபத்தொன்பதாம் நாள், சோதிக்கிற மெக்கானிக் வெள்ளை மீசைக்காரர். விளக்கு, பிரேக், டயர் எல்லாம் பார்த்துவிட்டு டிரைவர் கதவுக்கு வந்தார். திறந்தார், சாத்தினார். காதை வைத்துக் கேட்டார். திறந்த கதவின் மேல் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினார். வெல்டிங் ஓரமாகச் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் கயலின் தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. நான் எதையாவது பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். பிடிக்க ஒன்றும் இல்லை.

"யார் செய்தது?"

"மடிப்பு கீரனூர். வெல்டிங் நான்" என்றாள் கயல், ஆங்கிலத்தில்.

அவர் கீரனூரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றும் கீரனூர் இல்லை. "அந்த ஆளுக்குச் சொல்" என்று துண்டை இன்னொரு தடவை விரலால் வருடினார். "நேரான கை." கையெழுத்துப் போட்டார்.

அந்தச் சான்றிதழைப் படமெடுத்து அவள் முதலில் அனுப்பியது சேகருக்கு. இரண்டாவது அவள் அம்மாவுக்கு. நான் பக்கத்தில்தானே நின்றேன்.

நகராட்சி, புகார் முடிக்கப்பட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி என்று எழுதியது. எதிர்வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றிவந்து, அருமை என்றார். அவராகவும் இருக்கலாம்.

9

செப்டம்பரில் கயல் ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். போன வாரம் நீண்ட விடுமுறைக்கு வந்தவள், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். இந்திய விசா விண்ணப்பம்.

"வண்டியின்ர பின்கதவு சரியில்ல. மாமா அளவெடுத்துக்கொண்டு வரச் சொன்னவர். டிசம்பர்ல போறன்."

"டிசம்பர்ல எனக்கு லீவு கெடைக்கறது…"

"நீங்க வரத் தேவையில்ல அப்பா. மாமாவும் அத்தையும் ஏர்போர்ட்டுக்கு வருவினம்."

பன்னிரண்டு வயதில் கடைசியாக அவளை ஊருக்கு அழைத்துப் போனபோது, மூன்றாம் நாளிலிருந்து எப்போது திரும்புவோம் என்று கேட்டுக்கொண்டிருந்தவள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் கூப்பிட்டு, கெஞ்சி, ஆசை காட்டி ஓய்ந்துபோனேன். இப்போது அவள் போகிறாள். நான் இல்லாமல்.

சேகருக்குப் போன் செய்தேன். "நானும் வரட்டாடா?"

"நீ எதுக்குடா? நீ வந்தா எதையாச்சும் திருப்பிச் செய்யச் சொல்லுவ."

பின்னாலிருந்து சுமதி சிரித்தாள். இதையும் அவள் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

விண்ணப்பம் என் பிறந்த ஊரைக் கேட்டது. என் அப்பா பிறந்த ஊரைக் கேட்டது. நான் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லக் கயல் தட்டினாள். இந்தியாவில் யாரிடம் போகிறீர்கள் என்று கேட்டது. சித்தப்பா பெயரைப் போடு என்றேன். "சித்தப்பாவைப் பிறகு போய்ப் பாப்பன்" என்று சொல்லி, சேகரின் பெயரையும் பட்டறை முகவரியையும் மனப்பாடமாகத் தட்டினாள். அடுத்த கட்டத்தில் நின்றாள்.

"அப்பா, சேகர் மாமா எங்களுக்கு என்ன முறை?"

கொஞ்சம் சிக்கலான கேள்விதான். முறை என்று எதுவும் கிடையாது. அவன் வேறு தெரு, நாங்கள் வேறு தெரு. ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அதற்கே முதலில் எங்கள் இரண்டு வீட்டிலும் முகம் சுளித்தார்கள். பிறகு மாப்பிள்ளை, மச்சான் என்று நாங்களாகக் கூப்பிட்டுக்கொண்டதுதான். இதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது என்று தொண்டையைச் செருமினேன்.

"அது வந்தும்மா, அந்தக் காலத்துல…"

கயல் 'தாய்மாமன்' என்று தட்டிவிட்டு, அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தாள்.